நான்கு வெள்ளைப் புள்ளிகள்

இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மலத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். நாலு பேர் கூடுகிற இடத்தில் இதைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். தள்ளி உட்காரட்டும், எனக்கும் காற்று வரும். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். "என் பொண்டாட்டி ஊரான் வயித்துல என்ன இருக்குன்னு அச்சுப் பிசகாம சொல்லுவா. என் மனசுல என்ன இருக்குன்னு மட்டும் அவளுக்குத் தெரியாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் மனதில் ஒன்றுமில்லை என்பது எனக்குக் கல்யாணமான வருடமே தெரியும்.

வேலை இதுதான். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் ஆட்கள் பள்ளி பள்ளியாகப் போய், பள்ளிக்கு ஐம்பது பிள்ளைகளிடம் டப்பா கொடுத்து மலம் வாங்கி வருவார்கள். நான் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புழு முட்டைகளை எண்ணுவேன். அந்த எண்ணிக்கையை வைத்து வரைபடத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு புள்ளி வைப்பார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் புழு இருந்தால் சிவப்பு, வருடத்துக்கு இரண்டு தடவை மாத்திரை. நூற்றுக்கு இருபது பேருக்குக் கீழே என்றால் வெள்ளை. வெள்ளைக்கு அடுத்த ஐந்து வருடம் மாத்திரை கிடையாது.

ஸ்லைடு போடுவதில் எனக்கு ஒரு பேர் உண்டு. மலத்தைச் சல்லடையில் தேய்த்து, கண்ணாடித் துண்டில் அளந்து வைத்து, கிளிசரினில் ஊறிய செல்லோபேன் தாளால் மூடி அழுத்த வேண்டும். கிளிசரின் மெல்ல உள்ளே இறங்கி, அழுக்கு, நார் எல்லாவற்றையும் தெளிய வைத்துவிடும், முட்டை மட்டும் நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்பது விதி. ஏனென்றால் கொக்கிப்புழுவின் முட்டைக்குத் தோல் மெல்லியது, அதிக நேரம் விட்டால் அதுவும் தெளிந்து காணாமல் போய்விடும். விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை. ஆனால் கிடைத்த நேரத்தை வீணாக்கவும் மாட்டேன். ஸ்லைடுகளை ஜன்னல் மேடையில் வெயில் படும்படி வரிசையாக அடுக்கிவிட்டு, ஐம்பதாவது நிமிடம்தான் எடுப்பேன். அப்போது பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும். எங்கள் லேபின் தலைமை டாக்டர் வெளியாட்களைக் கூட்டி வந்து, "ஸ்லைடுன்னா இப்படி இருக்கணும்" என்று காட்டுவார்.

இன்னொரு மைக்ராஸ்கோப்பில் உட்காருகிறவர் மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்த தம்பி. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார். ஸ்லைடு போட்ட பத்தாவது நிமிடமே குனிந்துவிடுவார். அழுக்கும் நாருமாக இருக்கிற அந்தக் குழப்பத்துக்குள் கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரி தேடிக்கொண்டிருப்பார். "ரயிலைப் பிடிக்கவா போறீங்க தம்பி?" என்று நான் கேட்காத நாள் இல்லை. அவரும் சிரித்துவிட்டுக் கிளறுவார்.

ஒரு புதன்கிழமை காலையில் என் அண்ணன் மகள் என் மேசைக்கு வந்தாள். அவள் மாடியில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பேர், வாயைத் திறந்தால் கடைசி வெடி வரை நிற்காது. ஆபீஸில் அத்தை என்று கூப்பிடாதே என்று நூறு தடவை சொல்லியாயிற்று.

"அத்தை, ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே பெரிய தாள் ஒன்றை என் மேசை முழுக்க விரித்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் வரைபடத்தை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பொட்டு அளவு வெளிச்ச வட்டம். இங்கே நூற்று நாற்பது பள்ளிகள், ஏழாயிரம் பிள்ளைகள், ஒரே தாளில். அதன் நடுவே சிவப்புப் புள்ளிகள் மேலிருந்து கீழே வளைந்து வளைந்து இறங்கின. யாரோ விரலில் மை தொட்டு இழுத்த மாதிரி ஒரு கோடு.

"இது என்ன ஆறா?" என்றேன்.

"இப்ப ஆறு இல்ல. ஆறு இங்க ஓடுது பாருங்க, ரொம்பத் தள்ளி. இது அந்த ஆறு முன்னொரு காலத்துல ஓடின தடம். எத்தனை ஆயிரம் வருஷமோ தெரியல. மேல வீடு, ரோடு, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தாச்சு. ஆனா அடியில மணல் அப்படியே இருக்கு. கொக்கிப்புழுக் குஞ்சுக்கு ஈர மணல்தான் சுகம். அதான் மணல் எங்கேயோ புழு அங்கே."

 ஆறு இடம் மாறிப் போய் அது இருந்த நினைவுகூட யாருக்கும் இல்லை. ஆனால் அந்தத் தடத்தின் மேல் செருப்பில்லாமல் நடக்கிற பிள்ளைகளின் வயிறு, ஆறு எங்கே வளைந்தது என்பதைக்கூடக் காட்டிக் கொடுக்கிறது. நான் ஒவ்வொன்றாக எண்ணிய முட்டைகள் சேர்ந்து இப்படி ஒரு ஆற்றை வரையும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். "அடியாத்தி" என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"ஆனா இங்க பாருங்க" என்று பட்டாசு நடுவில் விரல் வைத்தாள். சிவப்புக் கோடு ஓரிடத்தில் அறுந்திருந்தது. நான்கு வெள்ளைப் புள்ளிகள். அதைத் தாண்டி மறுபடி சிவப்பு. "தடத்து மேல மொத்தம் பதினோரு பள்ளி. ஏழு சிவப்பு. நடுவுல இந்த நாலு மட்டும் வெள்ளை. அங்கயும் அதே மணல், அதே ஈரம். புழு என்ன, நாலு பள்ளியைத் தாண்டிக் குதிச்சுதா?"

"சுத்தமான பள்ளிக்கூடமா இருக்கும்."

"நாலுமா? அடுத்தடுத்தா?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

அவள் தாளின் ஓரத்தைச் சுருட்டினாள், விரித்தாள். பட்டாசு தயங்கி நான் பார்த்ததில்லை. "அத்தை, அந்த ஏழும் தம்பி பார்த்தது. இந்த நாலும்..."

"நான் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தி வளைச்சியா?"

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு முதலில் சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும். அன்றைக்கு இரண்டும் ஒன்றாக நடந்தது. "உனக்குப் பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடியே மைக்ராஸ்கோப்புல உட்கார்ந்தவ நான். இந்தக் கையால எத்தனை லட்சம் முட்டை எண்ணியிருப்பேன் தெரியுமா? மாடியில உட்கார்ந்து கலர் அடிக்கிற உனக்கு ஒரு புழு முட்டை எப்படி இருக்கும்னாவது தெரியுமா?"

"தெரியாது" என்றாள். தாளை மடித்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள். "ஒண்ணு, தம்பி இல்லாததை இருக்குன்னு எழுதியிருக்கணும். இல்லன்னா நீங்க இருக்கிறதை இல்லைன்னு எழுதியிருக்கணும். எதுன்னு எனக்குத் தெரியல. திங்கட்கிழமை வரைபடம் மேலிடத்துக்குப் போயிடும் அத்தை."

அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வீட்டில் என் கண்டக்டர் "என்ன, இன்னிக்கு வண்டி ஸ்டாண்டுல நிக்காமப் போகுது?" என்றார். அவருக்கும் திட்டு கிடைத்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சிவப்புப் பள்ளி ஒன்றில் சரிபார்ப்புக்காக மறுபடி எடுத்த சாம்பிள்கள் வந்தன. தம்பியின் பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டேன். தம்பி இல்லாததை எழுதுகிறார் என்று நிரூபித்துவிட வேண்டும் என்ற வீம்புதான், வேறு நல்லெண்ணம் எதுவும் கிடையாது. பட்டாசையும் கீழே கூப்பிட்டேன், சாட்சிக்கு.

ஸ்லைடு போட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, தெளிவதற்குக் காத்திராமல் உடனே குனிந்தேன். சகிக்கவில்லை. பச்சை, பழுப்பு, நார், துகள். பல்லைக் கடித்துக்கொண்டு வரி வரியாக நகர்த்தினேன். ஐந்தாவது வரியில் ஒன்று தெரிந்தது. நீள்வட்டமாக, சோப்புக் குமிழி மாதிரி மெல்லிய தோல், உள்ளே நான்கு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு. கொக்கிப்புழு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. முழுசாகப் பார்த்து முடிக்கும்போது இருபத்திரண்டு.

தம்பி பொய் எழுதவில்லை.  இருந்தாலும் முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் விடுகிற ஜன்மம் இல்லை நான். ஸ்லைடை ஜன்னலில் வைத்தால் பார்க்க முடியாது, பார்த்தால் ஜன்னலில் வைக்க முடியாது. அதனால் மைக்ராஸ்கோப்பையே தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் மேடையில் வைத்தேன். ஒரு முட்டையை வட்டத்தின் நடுவில் நிறுத்தினேன். பட்டாசு கைபேசியில் மணி பார்த்தாள்.

"பாரு" என்று அவளைக் குனிய வைத்தேன்.

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "அத்தை, இதுக்குள்ள நாலு இருக்கே. உயிரோட இருக்கா?"

"வெளியில மணல்ல விழுந்திருந்தா நாளைக்கு இது குஞ்சு. ஒரு வாரத்துல தலைமுடியைவிட மெல்லிசா எழும்பி நின்னு கால் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்கும். பிள்ளை மிதிச்சா பாதத்துல துளைச்சு உள்ள போகும். ரத்தத்துல ஏறி இதயத்துக்குப் போகும், அங்கயிருந்து நுரையீரல். நுரையீரல்ல இருந்து தொண்டைக்கு ஏறும். பிள்ளை எச்சில் முழுங்கும்போது கூடவே இறங்கிக் குடலுக்குப் போய், கொக்கி போட்டு உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். கண்ணு கிடையாது. வழி சொல்ல ஆளும் கிடையாது."

"இவ்வளவு தூரமா?" என்றாள் பட்டாசு.  இத்தனை வருடம் பார்த்த எனக்கே அதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் மலைப்பாகத்தான் இருக்கிறது. அந்தப் புழு மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

பிறகு நான் கண்ணை எடுக்கவில்லை. ஐந்தாவது நிமிடம் சுற்றியிருந்த நார் மங்கியது. பத்தாவது நிமிடம் பழுப்பெல்லாம் கரைந்து, வட்டம் எனக்குப் பிடித்த மாதிரி தெளிய ஆரம்பித்தது. பன்னிரண்டில் முட்டைக்குள்ளிருந்த நான்கு உருண்டைகளின் ஓரம் கலங்கியது. ஜன்னல் வெயில் என் கழுத்தைச் சுட்டது. தகரக் கூரை வேறு மேலே காய்ந்துகொண்டிருந்தது. "பதினெட்டு" என்றாள் பட்டாசு. தோல் மட்டும் ஒரு கோடாக நின்றது. கண் சிமிட்டினால் போய்விடுமோ என்று பயந்து சிமிட்டாமல் இருந்தேன். கண்ணில் நீர் கட்டியது. அந்தக் கோடும் ஒரு பக்கம் உள்ளே மடிந்தது, பிறகு அங்கே எதுவுமில்லை.

"எத்தனை?" என்றேன்.

"இருபத்து மூணு நிமிஷம்."

பளிங்கு மாதிரி இருந்தது ஸ்லைடு. டாக்டர் கூட்டி வந்து காட்டுகிற ஸ்லைடு. முழுசாக மறுபடி பார்த்தேன். இருபத்திரண்டில் ஒன்று மிச்சமிருந்தது. நான்கு வெள்ளைப் பள்ளிகளின் தாள்களை எடுத்தேன். பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், ஒன்று என்று என் முத்து முத்தான கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. ஒரு மணி நேரம் என்பது விதி எழுதினவர்களின் குளிர்ந்த அறையில் சரியாக இருந்திருக்கும். தகரக் கூரைக்குக் கீழே, உச்சி வெயிலில், நான் அழுக்கைப் போக்குகிறேன் என்று முட்டையையும் சேர்த்துப் போக்கியிருக்கிறேன். என் மேல் எனக்கு இருந்த பெருமைதான் இத்தனையும் செய்தது.

திடீரென்று ஒன்று உறைத்தது. "போன தடவை வரைபடம் எங்க?"

பட்டாசு கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கடி?"

"பார்த்தேன் அத்தை. உங்ககிட்ட காட்ட மனசு வரல."

மாடிக்குப் போய் நானே எடுத்துப் பார்த்தேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் தம்பி வேலைக்கு வரவில்லை. அத்தனை ஸ்லைடையும் நான் ஒருத்தியாகப் பார்த்தேன். மணல் தடம் நெடுக, பதினோரு பள்ளியும் வெள்ளை. ஆறே இல்லை. எந்தப் பிள்ளையிடம் என்ன இருந்தது என்று அந்தத் தாள் சொல்லவில்லை, அங்கே உட்கார்ந்திருந்தது நான் என்று மட்டும் சொன்னது. அந்தப் பதினோரு பள்ளிக்கும் ஐந்து வருடமாக ஒரு மாத்திரைகூடப் போகவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பட்டாசு என் தோளைப் பிடித்தாள். "அத்தை, நாலு பள்ளிக்கும் 'சாம்பிள் கெட்டுவிட்டது, மறுபரிசோதனை'ன்னு எழுதிக் குடுத்துடுங்க. எல்லாம் சரியாயிடும். ஏன் எதுக்குன்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. பழசை யாரு எடுத்துப் பார்க்கப் போறாங்க?"

ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். நல்ல பேரோடு போகலாம். ஆனால் நான் பயிற்சி கொடுத்து அனுப்பிய பதினாறு பேர் வேறு வேறு ஊர் லேப்களில் இருக்கிறார்கள். இந்த நிமிடம் அவர்களும் ஜன்னலில் வெயில் பார்த்து ஸ்லைடு அடுக்கிக்கொண்டிருப்பார்கள், அக்கா சொல்லிக் கொடுத்த வித்தை என்று. காரணத்தைச் சொல்லாமல் அதை நிறுத்த வழியில்லை.

ஒரு பக்கம் எழுதிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"இந்த ஸ்லைடைத்தானேம்மா நான் ஊருக்கெல்லாம் காட்டினேன்" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "பதினாறு பேருக்கும் இன்னைக்கே கடிதம் போகட்டும். உங்க பேர்ல வேண்டாம், என் பேர்ல போடுறேன்."

"என் பேர்லயே போகட்டும் சார். என் பேர்ல போனாத்தான் நிறுத்துவாங்க."

அவர் தலையை ஆட்டினார். "நாளைக்கு ஜீப் எடுத்துட்டு அந்த நாலுல முதல் பள்ளிக்குப் போங்க. மைக்ராஸ்கோப்பையும் தூக்கிட்டுப் போங்க, அங்கயே பார்த்துடுங்க. மத்த மூணும் சனி, ஞாயிறுல ஆகட்டும், பிள்ளைங்களை வரச் சொல்லிடலாம்."

வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளியின் கைத்தொழில் அறையில் உட்கார்ந்தோம். தம்பி ஸ்லைடு போட்டுத் தர, நான் பத்தாவது நிமிடமே குனிந்தேன். ஜன்னலை அட்டையால் மூடச் சொல்லியிருந்தேன். "ரயிலைப் பிடிக்கவாக்கா போறோம்?" என்றார் தம்பி. நான் அவருக்குச் செய்த கேலிக்கு அது ரொம்பக் குறைவு. "மன்னிச்சுக்கோங்க தம்பி" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அடுத்த ஸ்லைடை நீட்டினார்.

முதல் பிள்ளைக்குப் பதினாறு முட்டை. இரண்டாவதுக்கு நாற்பது. மூன்றாவதுக்கு இல்லை. நான்காவதுக்கு எழுபது. அழுக்குக்கும் நாருக்கும் நடுவே குமிழி குமிழியாக அவை எழுந்து வந்துகொண்டே இருந்தன. இத்தனை வருடமும் என் கண்ணுக்குக் கீழே இவை இருந்திருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் நான் குனிவதற்கு முன்னால் போயிருக்கின்றன. பயமாகவும் இருந்தது, கை எடுத்துக் கும்பிடவும் தோன்றியது. மத்தியானம் கணக்கு முடிந்தபோது ஐம்பதில் முப்பத்து நான்கு. பட்டாசுக்குப் போன் செய்து சொன்னேன். மறுமுனையில் அவள் புள்ளியைச் சிவப்பாக்கினாள். "கோடு ஒரு புள்ளி நீண்டுடுச்சு அத்தை" என்றாள்.

தலைமையாசிரியையிடம் சொல்ல அவர் அறைக்குப் போனேன். அவர் நாற்காலிக்கு மேலே சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தொங்கியது. புழுத்தொற்று இல்லாத பள்ளி என்று பெரிய எழுத்தில். கீழே பரிசோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

"எங்க பள்ளிக்குக் கிடைச்ச ஒரே பாராட்டு அதுதான்" என்றார் நான் பார்ப்பதைப் பார்த்து. "அன்னைக்குப் பிள்ளைங்களை எல்லாம் நிக்க வெச்சுக் கைதட்டச் சொன்னேன்."

உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து சான்றிதழைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"பிள்ளைங்க கேட்பாங்களே. நான் என்ன சொல்றது?"

"நானே சொல்றேன் மேடம்."

ஆறாம் வகுப்புக்குக் கூட்டிப் போனார். போன பரிசோதனையின்போது பள்ளியில் சேர்ந்தவர்கள் அவர்கள். முப்பது முகங்கள், பாதிக்கு மேல் வெளிறிய உதடுகள். கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றேன்.

"நீங்க ஒண்ணாம் வகுப்புல இருந்தப்ப உங்க வயித்துல புழு இல்லைன்னு சொன்னது நான்தான்" என்றேன். "அது தப்பு. இருந்திருக்கு. நான் சரியாப் பார்க்கல. அந்தப் புழு ரத்தத்தைக் குடிச்சுடும். அதனால களைப்பா இருக்கும், தூக்கம் தூக்கமா வரும், ஓட முடியாது, படிச்சது மனசுல நிக்காது. அடுத்த வாரம் உங்களுக்கு மாத்திரை வரும். இனி வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும்."

சிலர் முகத்தைச் சுளித்தார்கள், சிலர் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் சுவரோரம் தலை சாய்த்திருந்த ஒரு பெண் மெல்ல எழுந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, தலைமையாசிரியையைப் பார்த்தாள்.

"அப்ப நான் சோம்பேறி இல்லையா டீச்சர்?"

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போய் அவள் முன்னால் நின்றேன்.

"இல்லடா கண்ணு" என்றேன். "நீ ஒரு நாளும் இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "கேட்டியா?" என்றாள்.